சங்கிலியைப் பிடித்திருப்பவனின் காதல்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் மலேசியாவின் பந்திங்கில் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் வாசகர் வட்டத்துக்காக எழுதிய சிறுகதையை இத்துடன் அனுப்பியுள்ளேன். வேற்றினம் ஒன்று உலகை ஆள்கிறது. மனிதர்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, உரிமம் எடுத்து, நாயைப் போல வீட்டில் வளர்க்கிறது. தான் வளர்க்கும் முப்பது வயதுப் பெண்ணின் மீது எசமான் காதல் கொள்கிறான், அவளும் விரும்புகிறாள், அவர்களுடைய சட்டமோ அதைத் தடை செய்கிறது. வட்டத்தில் ஒருவர் இதை அருவருப்பு என்கிறார்; இன்னொருவர், சாதி மீறிய காதலைப் போல இதுவும் உயர்ந்ததே என்கிறார். நான் எழுதியது தவறா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பந்திங்

பதில்: அன்புச் சகோதரிக்கு, எழுதியதில் தவறில்லை. ஆனால் சாதி மீறிய காதலோடு இதை ஒப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே இருவரும் சேர்ந்து ஒரு பூட்டை உடைக்கிறார்கள். உங்கள் கதையில் பூட்டின் சாவி அவனுடைய இடுப்பில் இருக்கிறது.

இதற்கான சரித்திரம் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையையோ தோட்டத்து அதிகாரிகளையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் மேலே உள்ளவர்கள் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். இவ்விரண்டும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி துரையைக் கடந்து போக முடியாத ஒருவரின் மகள், பங்களாவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் எந்தத் துணிவில் வரமாட்டேன் என்று சொல்லியிருப்பாள்?

என் பாட்டி பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரை சிரித்துப் பேசினால் தானும் சிரித்ததாகச் சொல்வார். ஏன் பாட்டி என்று ஒருமுறை கேட்டேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "சிரிக்காவிட்டால் மறுநாள் பெரட்டில் உன் தாத்தாவுக்கு மேட்டுக்காட்டு நெரை விழும்" என்றார். பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்; மேட்டுக்காட்டு நெரை என்றால் மேட்டில் ஏறி வெட்ட வேண்டிய மர வரிசை. அந்தச் சிரிப்பைத் துரை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, அதையேதான் உங்கள் எசமானும் தன் வீட்டுப் பெண்ணின் கண்களில் காண்கிறான்.

அடியவரையும் பிறர் ஏவலில் வாழ்பவரையும் தொல்காப்பியர் இருவரும் ஒத்து விரும்பும் அன்பின் ஐந்திணைக்குள் வைக்காமல் அதற்குப் புறத்தே, கைக்கிளை என்னும் ஒருதலைக் காதலுக்கும் பெருந்திணை என்னும் பொருந்தாக் காதலுக்கும் உரியவராக வைத்தார். பிறருக்குக் குற்றேவல் செய்கிறவர்களுக்கு அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் ஒழுகுதல் அரிது என்பது தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணர் சொல்லும் காரணங்களுள் ஒன்று. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் பிறந்த நான், உழைப்பவர்கள் தமக்குள் கொள்ளும் காதலைத் தாழ்த்தும் இந்த வைப்பை ஒருநாளும் ஏற்கமாட்டேன். ஆயினும் ஏவுகிறவனுக்கும் ஏவப்படுகிறவளுக்கும் இடையே வரும்போது அதில் ஓர் உண்மை இருக்கிறது: அவள் மறுமொழி சொல்வதுபோல் தோன்றினாலும் அவனுடையது கைக்கிளைதான்.

அவளுக்கு மனமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சோறு போடும் கையின் மீது பாசம் வரும், அடிக்காத எசமான் மீது நன்றி வரும், காதலும் வரலாம். எது எது என்று அவளுக்கே பிரித்தறிய முடியாத அந்தக் குழப்பம்தான் இந்தக் கதையின் உயிர். நீங்களோ முழுக் கதையையும் அவன் பக்கமிருந்து சொல்லியிருக்கிறீர்கள். சட்டம் காதலைத் தடுக்கிறதே என்று அவன் இரண்டு பக்கம் அழுகிறான். அதே சட்டம் கழுத்துப்பட்டையை அனுமதிப்பதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மனிதர்களைக் குரங்குகள் கூண்டில் அடைக்கும் நாவலை 1963இல் வெளியிட்ட பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல், 1936இல் மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்கு வந்தவர். அவர் தோட்டத்தை மேலே நின்று பார்த்தவர். நீங்கள் கீழே நின்றவரின் பேத்தி. உங்கள் கதைப் பெண்ணின் வாயால் கதையைச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

ஒரு காட்சியைச் சேர்த்துப் பாருங்கள். அவன் உரிமத்தைக் கிழித்து, பட்டையைக் கழற்றி, வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்து, கதவைத் திறந்துவிட்டுத் தேடிப் போகாமல் காத்திருக்கட்டும். அவள் திரும்புவாளா என்பதை எழுதும்போது நீங்களே கண்டுகொள்வீர்கள்.

உங்கள் கடைசிப் பத்தியில் இருவரும் இரவோடிரவாகத் தப்பி ஓடுகிறார்கள். அப்போதும், கூட்டத்தில் அவள் தொலைந்துவிடக் கூடாது என்று சங்கிலியின் நுனியை அவன் கையிலேயே வைத்திருக்கிறான். அந்த வரியை நீங்கள் அன்பின் அடையாளமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தியை மீண்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள்.