பழைய ரிசீவரை அவர் ஏன் கேட்கிறார்?

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற .30-06 ரைஃபிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. மவுசர் 98 வகை. லைசென்ஸ் இப்போது என் பெயரில், அவ்வப்போது வேட்டையாடுபவர்களுக்கான 15ஆம் பிரிவில். குளிர்காலத்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் பிளெஸ்பொக் மான் வேட்டைக்குப் போவேன். மர ஸ்டாக் கைப்பிடியருகே விரிசல் விட்டுவிட்டது. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், "7075 அலுமினிய ரிசீவர் போட்டுத் தருகிறேன், எடை குறையும், குறியும் நேராகும், பழைய ரிசீவரை நானே எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்கிறேன்" என்கிறார். அவர் காட்டிய பொருளின் படத்தை அனுப்பியிருக்கிறேன். இது அசல் 7075 என்கிற வலுவான அலுமினியக் கலவைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(சாட்ஸ்வர்த் வாசகர், டர்பன்)

பதில்: தம்பி, நீங்கள் கேட்டிருப்பது அலுமினியத்தைப் பற்றி. எனக்கு உறுத்துவது அந்த ஆள் சொன்ன கடைசி வார்த்தை. "பழைய ரிசீவரை நானே எடுத்துக்கொள்கிறேன்." அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் படம்.

படத்தில் இருப்பது ரிசீவரே அல்ல. பிஸ்டல் பிடி, பக்கவாட்டில் துளைகள் போட்ட நீண்ட முன்கை, பின்னால் மடக்கும் கீல் எல்லாம் தெரிகிறது. இதற்குச் சேசி என்று பெயர். உங்கள் மர ஸ்டாக் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்யும். ரிசீவர் என்பது போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் எஃகுத் தண்டு) முன்னும் பின்னும் ஓடுகிற, குழல் திருகி நிற்கிற அந்த எஃகு உடல். உங்கள் துப்பாக்கியின் உயிர் அதில்தான் இருக்கிறது. சேசியை ரிசீவர் என்று சொல்லி ஒருவர் விற்கிறார் என்றால் ஒன்று அவருக்குத் தொழில் தெரியாது, இல்லை நன்றாகவே தெரியும். இரண்டாவது மோசம்.

நம் தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டம், அதாவது துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், குழல், ஃபிரேம், ரிசீவர் மூன்றையும் "முதன்மைப் பாகம்" என்கிறது. தனியாகக் கழற்றி வைத்தாலும் அது துப்பாக்கி மாதிரிதான். லைசென்ஸ் இல்லாமல் வாங்கவோ விற்கவோ வைத்திருக்கவோ முடியாது. ஸ்டாக்கும் சேசியும் அந்தக் கணக்கில் வரவில்லை. அதனால் சேசி வாங்க எந்தப் படிவமும் நிரப்ப வேண்டாம். உண்மையான ரிசீவர் என்றால் காவல்துறையின் SAPS 271 படிவம், காவல் நிலையத்தின் துப்பாக்கி அதிகாரி, கைரேகை, அப்புறம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. ஒரு நிலையத்தில் என் விண்ணப்பத்தையே தொலைத்துவிட்டு, கைரேகையை மறுபடி கொண்டு வா என்றார்கள். இந்த அலைச்சலில்தான் "நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணா" என்கிற தரகர்கள் பிழைக்கிறார்கள். காகிதம் சீக்கிரம் நகர்ந்தால் இவர்களுக்கு வேலையே இருக்காது.

சரி, அந்தக் கடைசி வார்த்தைக்கு வருவோம். சேசி போட ரிசீவரை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் பழைய ரிசீவர் குழலோடு சேர்ந்து அப்படியே சேசிக்குள் உட்கார வேண்டும். அப்படியிருக்க, அவருக்குப் பழைய ரிசீவர் எதற்கு? உங்கள் பெயரில் பதிவான வரிசை எண் கொண்ட, சுடக்கூடிய ஒரு மவுசர் உடல் அவர் கைக்குப் போகிறது. அவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால் அங்கேயே குற்றம். நாளை அது எங்காவது ஒரு கொள்ளையில் கிடைத்தால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 15 ஆண்டுவரை சிறை விதிக்க இடம் இருக்கிறது. விலையில் கழித்துக்கொள்கிறேன் என்கிற சில ஆயிரம் ரேண்டுக்கு இதெல்லாம் தேவையா? லைசென்ஸ் பெற்ற டீலரோ, துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்தோ அல்லாத எவரிடமும் உங்கள் ரைஃபிளை, அதன் ஒரு திருகைக்கூட, விட்டுவிட்டு வராதீர்கள். திருகு கொடுப்பது குற்றமில்லைதான், ஆனால் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கன்ஸ்மித் தன் பதிவேட்டில் வரிசை எண்ணை எழுதிக்கொண்டு ரசீது தருவார். தராதவர் கன்ஸ்மித் இல்லை.

இப்போது அலுமினியம். உங்கள் போல்ட்டின் தலையில் இரண்டு காதுகள் இருக்கும், பின்னால் காவலுக்கு மூன்றாவது ஒன்று. போல்ட்டைத் திருப்பும்போது முன்காதுகள் இரண்டும் ரிசீவரின் முன்வளையத்துக்குள் தாழ்ப்பாள் மாதிரி மாட்டிக்கொள்கின்றன. .30-06 தோட்டா வெடிக்கும்போது சுமார் 4,000 பார் அழுத்தம் அந்தக் காதுகள் வழியாக முன்வளையத்தின் மேல் விழுகிறது. அதனால்தான் 1898இலிருந்து இன்றுவரை அது எஃகு. 7075 வலிமையில் சாதாரண எஃகைத் தொடும் என்பது உண்மை. ஆனால் விறைப்பில் எஃகின் மூன்றில் ஒரு பங்குதான். அழுத்தம் வந்தால் மூன்று மடங்கு நெளியும். நெளிந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு நீளும், ஒரு நாள் பிளக்கும். பிளந்தால் வாயு உங்கள் கண் பக்கம் வரும்.

உடனே யாராவது "பிளேசர் R8 ரைஃபிள் அலுமினிய உடல்தானே" என்பார். வெருலத்தில் என் நண்பர் ஒருவர் ஒவ்வொரு முறையும் இதையே சொல்வார். ஆமாம், R8இன் உடல் அலுமினியம். ஆனால் அதில் போல்ட் உடலில் பூட்டுவதில்லை, நேராகக் குழலுக்குள் பூட்டுகிறது. போல்ட் தலையைச் சுற்றிய வளையம் விரிந்து எஃகுக் குழலின் பள்ளத்தில் இறுகுகிறது. வெடிப்பின் பாரம் எஃகுக்கும் எஃகுக்கும் நடுவிலேயே முடிந்துபோகிறது. உடல் என்பது குழலையும் விசையையும் ஒன்றாகப் பிடித்திருக்கும் பெட்டி மட்டும். சாவர் 404 ரைஃபிளும் அப்படித்தான். ஏஆர் வகைத் துப்பாக்கிகளின் 7075 உடலும் அதே நியாயம், போல்ட் குழலோடு சேர்ந்த எஃகு நீட்சியில் பூட்டும். ஆனால் அவை செமி ஆட்டோமேட்டிக், 15ஆம் பிரிவில் உங்களுக்குக் கிடைக்காது, அர்ப்பணிப்புள்ள வேட்டைக்காரர், விளையாட்டுச் சுடுநருக்கான 16ஆம் பிரிவு வேண்டும். ஆக அலுமினியம் தவறு என்று நான் சொல்லவில்லை. எங்கே பூட்டுகிறது என்று பாருங்கள். குழலில் பூட்டினால் அலுமினியம் இருக்கலாம். உடலில் பூட்டினால், உங்கள் மவுசர் அப்படித்தான், எஃகைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். வெருலம் நண்பருக்கு இதை நாலாவது முறையாக எழுதுகிறேன்.

7075தானா என்று கேட்டீர்களே. கண்ணால் தெரியாது. கறுப்பு அனோடைஸ் பூசினால் எல்லா அலுமினியமும் ஒன்றுபோல்தான் இருக்கும். காந்தம் ஒட்டவில்லை என்றால் அது எஃகு இல்லை என்பது மட்டும் தெரியும். வார்த்த துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது கையில் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். 6061 என்கிற இன்னொரு அலுமினியக் கலவைக்கும் 7075க்கும் எடையில் நூற்றுக்கு நாலு பங்குதான் வித்தியாசம். கையில் தூக்கிப் பார்த்துச் சொல்கிறேன் என்பவர் சந்தையில் தேங்காய் தட்டிப் பார்க்கப் போகலாம். பெரிய பழைய உலோக வியாபாரிகள் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவி கலவையைச் சொல்லிவிடும். ஆனால் கூடவே எழுதியிருக்கும் T6 என்கிற வெப்பப் பதத்தை அது சொல்லாது. அதற்குக் கடினத்தன்மைச் சோதனை வேண்டும். 7075-T6 பிரினெல் அளவில் 150ஐ ஒட்டி வரும், 6061-T6 95 அளவில் நிற்கும். "பில்லெட்" என்ற சொல்லுக்கும் மயங்காதீர்கள். கட்டியிலிருந்து வெட்டி எடுத்தது என்பதுதான் அதன் பொருள், தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று சொல்ல வேண்டும். சேசிக்கு 6061 தாராளமாகப் போதும். அதில் வெடிப்பின் அழுத்தம் நேராக விழுவதில்லை. ஆகவே அசல் 7075 என்று கூடுதல் ரேண்ட் கொடுப்பது வீண்.

பொருந்துமா என்பதே பெரிய கேள்வி. சந்தையில் உள்ள சேசிகளில் பெரும்பாலானவை ரெமிங்டன் 700 அளவில் வருகின்றன. அதன் அடிப்பாகம் உருண்டை. மவுசரின் அடி தட்டை, பின்தள்ளலை வாங்கும் முண்டான லக்கும் ரிசீவரோடு சேர்ந்தே இருக்கும். ஒன்றுக்குச் செய்தது மற்றதில் உட்காராது. அரத்தால் ராவி உட்கார வைக்கிறேன் என்பவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். .30-06க்கு நீண்ட ஆக்‌ஷன் வேண்டும், அதாவது நீளமான தோட்டா ஓடும் அளவு ரிசீவரும் போல்ட்டும், அந்த அளவுக்கான சேசிதானா என்பதையும் கேளுங்கள். மவுசரின் தோட்டாப் பெட்டியும் ஊட்டும் விளிம்புகளும் ஒன்றுக்கொன்று பார்த்துச் செய்தவை. சேசிக்காரர்கள் கழற்றும் மேகசினைப் போட்டால் சில சமயம் தோட்டா சிக்கிக்கொள்ளும். கன்ஸ்மித் முடித்துக் கொடுத்ததும் வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களால் ஊட்டிப் பாருங்கள். லக் பின்சுவரில் முழுதாகப் படிந்திருக்கிறதா, முன்திருகைத் தளர்த்தும்போது குழல் துள்ளாமல் இருக்கிறதா, குழலுக்கும் முன்கைக்கும் நடுவில் ஒரு ரேண்ட் நோட்டு தடையின்றி நுழைகிறதா என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். திருகை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது சேசித் தயாரிப்பாளர் தாளில் இருக்கும், அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம்.

என்னைக் கேட்டால் சேசியே வேண்டாம். மலைச்சரிவில் நாள் முழுக்கத் தூக்கி நடப்பவருக்கு அது பாரம்தான், எடை குறையும் என்றது விற்பனைப் பேச்சு. கடற்காற்று வேறு இருக்கிறது. எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும். அப்பாவின் வால்நட் ஸ்டாக்கில் விரிசலை எபாக்ஸியால் ஒட்டி, திருகுத் துளைகளில் இரண்டு சிறு அலுமினியத் தூண்கள் வைத்து, ரிசீவர் உட்காரும் இடத்தை எபாக்ஸியால் அச்சுப்போல் நிரப்பும் பெட்டிங் செய்யச் சொல்லுங்கள். அலுமினியம் வேண்டும் என்ற ஆசையும் அதில் தீரும். செலவு சேசியின் விலையில் ஒரு பகுதிதான், அப்பா பிடித்த கட்டையும் கையில் இருக்கும்.

அந்த ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ரைஃபிளைப் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டு, கன்ஸ்மித்திடம் போகும்போது லைசென்ஸ் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.