ஏற்காடு ஏற்றத்தில் கொதிக்கும் மாருதி 800

கேள்வி: என்னிடம் 2005-ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. ஏற்காடு மலைப்பாதையில் ஏறினால் பாதி வழியிலேயே டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. கூலன்ட் பாட்டில் நிரம்பி வழிகிறது; ஆனால் மறுநாள் காலையில் ரேடியேட்டரைத் திறந்தால் அரை லிட்டர் அளவுக்குக் குறைந்திருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் சொட்டு ஈரம்கூட இல்லை. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றிவிட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். நீங்கள் சொல்வதில் முக்கியமான அடையாளம், பாட்டில் நிரம்பி வழிந்த பிறகும் ரேடியேட்டர் குறைந்திருப்பதுதான். சூடேறிய கூலன்ட் விரிந்து பாட்டிலுக்குப் போவதும், இன்ஜின் ஆறியதும் ரேடியேட்டருக்கே திரும்ப இழுக்கப்படுவதும் இயல்பு. போனது திரும்பவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேடியேட்டர் மூடியை.

அந்த மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் வால்வு, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.9 கிலோ அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் இறுகியோ வெடித்தோ போனால் அழுத்தம் நிற்காது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அழுத்தம் இல்லாத தண்ணீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். போதாக்குறைக்கு, கொண்டை ஊசி வளைவுகளில் முதல், இரண்டாம் கியரில் இன்ஜின் முழுச் சுமையோடு உழைக்கிறது. வண்டி ஊர்ந்து செல்வதால் எதிர்க்காற்றும் கிடைப்பதில்லை. ஊருக்குள் தெரியாத குறை மலையில் தெரிவது இதனால்தான். (ஃபேன் சுழல்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள், ஃபியூஸ் போயிருந்தாலும் மலையில்தான் முதலில் தெரியும்.)

மூடியா கேஸ்கெட்டா என்பதை ரேடியேட்டரின் மேல் ஹோஸை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரவு முழுதும் ஆறிய வண்டியில் காலையில் அதைப் பாருங்கள். ஹோஸ் சப்பையாக உள்வாங்கியிருந்தால், மூடியின் நடுவிலுள்ள சிறு வெற்றிட வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பாட்டிலுக்குப் போகும் டியூப் அடைத்திருக்கிறது. பிறகு விளிம்பு வரை நிரப்பி, மூடியைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு ஹோஸை அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள். ஃபேன் சொல்லாமல் சுழலத் தொடங்கும் என்பதால் கை அதன் பக்கம் போக வேண்டாம். தண்ணீர் சூடாவதற்கு முன்பே, முதல் ஓரிரு நிமிடங்களில் ஹோஸ் இறுகிப் போனால், எரியும் வாயு கேஸ்கெட்டைத் தாண்டித் தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது என்று பொருள். மாறாக, ஃபேன் ஓடும் அளவுக்குச் சூடான பிறகும் ஹோஸ் தொளதொளவென்றே இருந்தால், அழுத்தம் வேறு வழியாக வெளியேறுகிறது. அப்போது மூடியை மாற்றுங்கள். பழைய மூடியில் பொறித்துள்ள அதே எண் கொண்டதாக வாங்குவது அவசியம். அதிக அழுத்தம் பிடிக்கும் மூடியைப் பழைய ரேடியேட்டர் தாங்காது. சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

மூடி மாற்றிய பிறகும் அளவு குறைந்தால், ஆறிய இன்ஜினில் பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். தரையில் ஈரம் இல்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சூடான உலோகத்தில் படும் சொட்டு அங்கேயே ஆவியாகி, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்த ஒரு கறையை மட்டும் விட்டுச் செல்லும். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் ஓர மடிப்புகள் ஆகிய இடங்களில் டார்ச் அடித்து அந்தக் கறையைத் தேடுங்கள். உள்ளே கால் வைக்கும் இடத்தில் விரிப்பு நனைந்திருந்தால், ஹீட்டர் கசிகிறது.

அழுத்தம் இறங்கியும் எங்கும் கறை இல்லை, சைலன்சரில் வெண்புகை நிற்கவே இல்லை, ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்தாற்போன்ற படிவு இருக்கிறது என்றால் ஹெட்டை இறக்கலாம். அப்போதும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிட அனுமதிக்காதீர்கள். அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்திருக்கலாம். நேர்கோல் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் ஃபேசிங் செய்த (அடிப்பரப்பைச் சீவிச் சமன் செய்த) பிறகே பொருத்த வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் யோசனையை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும். பெட்ரோலும் அதிகமாகும், தேய்மானமும் கூடும். சந்தேகம் இருந்தால் பாத்திரத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். கொதி வருவதற்குள் திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

கேள்வி: ரேடியேட்டர் கசிவுக்கு மஞ்சள் தூள் போடலாம் என்கிறார்களே? வீட்டு போர்வெல் தண்ணீரையே ஊற்றி வரலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: இரண்டும் வேண்டாம். ஓட்டையை அடைக்கும் தூள், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். போர்வெல் தண்ணீரின் உப்பு, அதே குழாய்களுக்குள் காரையாகப் படிந்து வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். தயார்நிலைக் கூலன்ட்டை அப்படியே ஊற்றுங்கள். அடர் கூலன்ட் என்றால் டப்பாவில் உள்ள விகிதப்படி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள். இன்னொன்று முக்கியம்: பெரும்பாலான கூலன்ட்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்த வாளியில் விடாமல், குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாத இடத்தில் மூடி வையுங்கள்.