மரையை மாடலில் வெட்டுவதா, எழுதிக் காட்டுவதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இயந்திர வடிவமைப்பில் வேலை பார்க்கிறேன். மரை வரும் இடத்தில் எல்லாம் சுருள்கோடு போட்டு, அதன் வழியே முக்கோணத்தை ஓட்டி, நிஜ மரையாகவே மாடலில் வெட்டிவிடுவது என் வழக்கம். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அசெம்பிளியைத் திறக்கவே நேரம் பிடிக்கிறது, சில துளைகளில் கட்டளையே வேலை செய்வதில்லை. ‘காஸ்மெட்டிக் த்ரெட் (மரையை வெட்டாமல் குறியாக மட்டும் காட்டுவது) போதும்’ என்கிறார் மூத்தவர் ஒருவர். அதைப் போட்டால், பாகங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்கும் இன்டர்ஃபியரன்ஸ் சோதனையில் எல்லா போல்ட்டும் சிவப்பாகிறது. ஒருமுறை அப்படி ஸ்டெப் கோப்பை (பல மென்பொருள்களும் படிக்கும் பொது மாடல் கோப்பு) மட்டும் பட்டறைக்கு அனுப்பினேன். எம்10 (10 மி.மீ. மரை) துளைகள் மரையே இல்லாமல் வந்து சேர்ந்தன. மாடலில் எதைப் போடுவது, டிராயிங்கில் எப்படிக் காட்டுவது?

க.

அன்புள்ள க.,

உங்கள் மூத்தவர் சொல்வதுதான் சரி. ஆனால் காஸ்மெட்டிக் த்ரெட் எந்த உருளையின் மேல் உட்காருகிறது என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். பாதித் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

துளைக்குள் மரையை உண்டாக்குவது டேப் என்ற வெட்டுக்கருவி. தண்டில் உண்டாக்குவது டை என்ற கருவி, அல்லது லேத்தில் மரை வெட்டும் ஜி76 கட்டளைச் சுழற்சி. அதற்கு வேண்டியது பிட்ச் (மரையின் அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையேயான தூரம்), ஆழம், நீளம் ஆகிய எண்கள். நீங்கள் மெனக்கெட்டு வெட்டிய சுருளை அங்கே யாரும் அளந்து பார்ப்பதில்லை. இயந்திரத்துக்கான புரோகிராமை உருவாக்கும் கேம் மென்பொருளுக்கு அது இடைஞ்சலும்கூட. துளையைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி உருளையைத் தேடும். கிடைப்பதோ முறுக்கிய பரப்புகள். புரோகிராம் எழுதுபவர் முதலில் உங்கள் மரையை அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடியும்.

விதி எளிது. வெளிமரை என்றால் தண்டின் முழு விட்டத்தில் மாடல் செய்யுங்கள், எம்10க்கு 10 மி.மீ. உள்மரை என்றால் டேப்புக்கு முன் போடும் டிரில் அளவில் செய்யுங்கள், எம்10 × 1.5க்கு (1.5 என்பது பிட்ச்) 8.5 மி.மீ. இந்த 8.5 எங்கிருந்து வந்தது? உள்மரையின் சிறு விட்டம் அடிப்படை அளவில் 8.376. 6எச் என்ற உள்மரைப் பொருத்த வகுப்பில் அது 8.676 வரை போகலாம். டிரில் அதற்கு நடுவே விழுகிறது. துளையை 10 மி.மீ. என்று மாடல் செய்து மேலே மரைக் குறியை ஒட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. மாடலை நம்பி 10 மி.மீ. டிரில் ஓடிவிட்டால், டேப் வெட்டுவதற்கு உலோகமே மிஞ்சாது. சாலிட்வொர்க்ஸின் ஹோல் விசார்ட் போன்ற துளைக் கட்டளைகளில் மரைத் துளையைத் தேர்ந்தெடுத்தால் டிரில் விட்டத்தை அவையே எடுத்துக்கொள்ளும். வெறும் வட்டம் வரைந்து வெட்டும்போதுதான் இந்த விபத்து நடக்கிறது.

இனி அந்தச் சிவப்பு. 10 மி.மீ. போல்ட் 8.5 மி.மீ. துளைக்குள் நின்றால் மோதல் காட்டத்தான் வேண்டும். உடனே அதை மறைத்துவிடாதீர்கள், அதில் பயன் இருக்கிறது. மோதும் பகுதி 0.75 மி.மீ. தடிமனுள்ள ஒரு வளையம். நீளத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதன் கனஅளவு 21.8 கன மி.மீ. சோதனை 436 என்று காட்டினால் போல்ட் 20 மி.மீ. உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். மரை ஆழமும் 20 என்றால், அதற்கு மேல் இடமில்லை. 501 என்று வந்தால் போல்ட் 23 மி.மீ. இறங்கியிருக்கிறது; கடைசி 3 மி.மீ. மரை இல்லாத துளையில் நிற்கிறது. நிஜத்தில் அந்த போல்ட் இறுகுவதற்கு முன்பே முட்டி நின்றுவிடும். இன்னொன்றையும் பாருங்கள்: போல்ட்டின் மையம் 0.3 மி.மீ. விலகியிருந்தாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் துளை இன்னும் முழுக்க போல்ட்டுக்குள்தான் இருக்கிறது. குறுக்காக வெட்டிப் பார்த்தால்தான் வளையம் ஒரு பக்கம் 1.05, எதிர்ப்பக்கம் 0.45 என்று கோணலாகத் தெரியும். இரண்டையும் பார்த்த பிறகு, மரைப் பொருத்தங்களைச் சோதனையிலிருந்து ஒதுக்கி வைக்கலாம்.

எடைக் கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். முழு உருளையாக நிற்கும் எம்10 மரைப் பகுதி, நிஜத்தைவிட 20 சதவீதத்துக்கும் மேல் கனமாகக் கணக்காகும். வலிமைக் கணக்கில் 10 மி.மீ. வட்டத்தின் 78.5 ச.மி.மீ. பரப்பை எடுக்கவே கூடாது. எம்10 × 1.5இன் தகைவுப் பரப்பு (இழுவிசையைத் தாங்குவதாகக் கணக்கிடும் பரப்பு) 58 ச.மி.மீ.தான்.

ஸ்டெப் கோப்புக்கு வருவோம். காஸ்மெட்டிக் த்ரெட் என்பது பரப்பின் மேல் ஒட்டிய குறிப்பு. ஸ்டெப்பாக மாற்றும்போது பெரும்பாலும் அது உதிர்ந்துபோகும், எதிரில் இருப்பவருக்கு 8.5 மி.மீ. வெற்றுத் துளைதான் தெரியும். அவர் அதை அப்படியே போட்டுக் கொடுத்ததில் தவறு சொல்ல முடியாது. மாடலுடன் டிராயிங்கும் போக வேண்டும். மரைத் துளைகளின் உட்பரப்புக்குத் தனி நிறம் கொடுப்பதும் நல்ல பழக்கம். ஸ்டெப்பில் நிறம் பொதுவாகத் தங்கிவிடும். எந்த நிறத்துக்கு எந்த மரை என்பதை டிராயிங்கில் எழுதிவிடுங்கள்.

டிராயிங்கில், மரை வரைவதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 6410 முறையைப் பின்பற்றுங்கள். மரையின் முகடு தடித்த கோடு, அடி மெல்லிய கோடு. ஆகவே தண்டில் வெளிக்கோடு தடிப்பு. வெட்டுத்தோற்றத்தில் காட்டும் துளையில் உட்கோடு தடிப்பு. நுனியிலிருந்து பார்க்கும் தோற்றத்தில் அடிக்கோடு முக்கால் வட்டமாக இருக்கும், திறப்பு வலது மேல் கால்பகுதியில் விழுவது நல்லது. வெட்டுப்பரப்பைக் காட்டும் சாய்ந்த வெட்டுக்கோடுகள் முகட்டுக் கோடு வரை ஓட வேண்டும், மெல்லிய கோட்டோடு நிறுத்தக் கூடாது. மரை முடியும் எல்லைக்குத் தடித்த கோடு. போல்ட்டும் துளையும் சேர்ந்த இடத்தில் போல்ட்டின் கோடுகள் துளையின் கோடுகளை மறைக்கும். அச்செடுக்கும்போது எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் விழுந்தால் மரைத்தண்டு படித்தண்டாகத் தெரியும்; லேயர் தடிப்பைச் சரிபாருங்கள்.

மென்பொருள் தானாகப் போடும் கோடுகளை அப்படியே நம்ப முடியாத இடம் சிறிய மரைகள். முகட்டுக் கோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவே தாளில் குறைந்தது 0.7 மி.மீ. அல்லது தடித்த கோட்டின் இரு மடங்கு, எது பெரிதோ அது இருக்க வேண்டும். 1:1இல் எம்3 துளையை வரைந்தால் கிடைப்பது 0.25 மி.மீ. இரண்டும் ஒட்டி ஒரே கறுப்பாகிவிடும். தாளில் விட்டம் 6 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் எளிமைப்படுத்தி வரைய அதே தரநிலை இடம் தருகிறது: மையத்தைச் சுட்டும் அம்பும் அதன் மேல் குறிப்பும் போதும்.

குறிப்புதான் உயிர். ‘எம்10 × 1.5 - 6எச், மரை ஆழம் 20, டிரில் ⌀8.5 ஆழம் 25’ என்று எழுதுங்கள். பருமரைக்கு (அந்த விட்டத்துக்கு வழக்கமான பெரிய பிட்ச் உள்ள மரைக்கு) பிட்சை விட்டுவிட விதி அனுமதிக்கிறது. நான் விடுவதில்லை, எம்10இல் 1.25உம் 1உம் புழக்கத்தில் இருக்கின்றன. மூடிய துளையில் டிரில் ஆழத்தை விட்டுவிட்டால் மரை நீளத்தைப் போல 1.25 மடங்கு வரைவது வழக்கம். டேப்பின் நுனியில் சரிவு உண்டு, அதன் முன்னே சீவலும் சேரும். 20க்கு 20 என்று கேட்டால் டேப் முட்டி உடையும். டிரில் நுனியின் கூம்பு இந்த ஆழத்தில் சேராது. அளவுக்கோட்டின் அம்பு எப்போதும் 10 மி.மீ. விட்டத்தைத் தொட வேண்டும். துளையில் அது மெல்லிய கோடு என்பதால் பலர் தடித்ததைக் கிளிக் செய்து ஏமாறுகிறார்கள்.

பூச்சு உண்டென்றால் இன்னொரு வரியும் வேண்டும். 60 பாகை மரையில் பூச்சின் தடிமன் பிட்ச் விட்டத்தில் (பல்லும் பள்ளமும் சம அகலமாக இருக்கும் இடத்தின் விட்டம்) நான்கு மடங்காகக் கூடும். 6ஜி பொருத்த வகுப்பு போல்ட்டில் எம்10 × 1.5க்கு விட்டிருக்கும் இடைவெளி 32 மைக்ரான். 8 மைக்ரான் பூச்சு அதை முழுவதும் தின்றுவிடும். குறித்த அளவு பூச்சுக்கு முன்பா பின்பா என்று எழுதுங்கள்.

நிஜ மரை தேவைப்படும் இடங்களும் உண்டு: முப்பரிமாண அச்சு, மரை உள்ள மூடியின் வார்ப்பச்சு, தரநிலையில் இல்லாத மரை. அங்கே உங்கள் கட்டளை தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். முக்கோணத்தின் அடி பிட்சுக்குச் சமமாக இருந்தால் அடுத்தடுத்த சுற்றுகள் ஒரு கோட்டில் தொட்டுக்கொள்ளும், தடிமன் பூஜ்யமாகும். நிஜ மரையில் முகடு கூராக இருப்பதில்லை, பிட்சில் எட்டில் ஒரு பங்கு தட்டையாக இருக்கும். 1.5 பிட்சில் வெளிமரைப் பள்ளத்தின் வாய் 1.3125 மி.மீ. என்று வைத்து, அதே சரிவில் அந்த வாயைத் தண்டின் பரப்புக்கு 0.05 மி.மீ. வெளியே நீட்டுங்கள். சுருளைத் தண்டின் முனைக்கு ஒரு பிட்ச் முன்பே தொடங்குங்கள். ஃப்யூஷன் மென்பொருளின் த்ரெட் கட்டளையில் ‘மாடல்ட்’ பெட்டியை டிக் செய்தால் இவ்வளவும் தேவையில்லை.

அச்சிடும்போது நட்டுக்கும் போல்ட்டுக்கும் ஒரே அளவு கொடுத்தால் இரண்டும் கவ்விக்கொள்ளும். பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும் இழை அச்சில் பக்கத்துக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். மரையை நிமிர்த்தி வைத்து அச்சிடுங்கள். அப்போதும் 60 பாகை மரையின் கீழ்ச்சரிவு கிடைமட்டத்திலிருந்து 30 பாகைதான், இழை தொங்கும். மரை உங்கள் சொந்த அளவு என்றால் சரிவை 45 பாகையாக வையுங்கள். எம்5க்குக் கீழே அச்சு மரையே வேண்டாம். துளையை விட்டுப் பிறகு டேப் போடுங்கள், அல்லது சூடாக்கிப் பதிக்கும் பித்தளை இன்செர்ட் வையுங்கள். அப்போது மாடலில் வேண்டியது இன்செர்ட்டின் அட்டவணை சொல்லும் வெற்றுத் துளை மட்டுமே.