மொய்க் கவரில் காங்கேயம் காளை: வண்ணம் ஏன் கசிகிறது?

கேள்வி: அக்கா, எங்களுக்குச் சென்னிமலைப் பக்கமுங்க. கைக்காகிதத்துல மொய்க் கவர் மடிச்சு விக்கறேன். காங்கேயம் காளை படத்துல ரப்பர் ஸ்டாம்ப் ஒண்ணு செஞ்சு வாங்கி, ஆபீஸ்ல வெக்கற ஊதா மை பேடுல தொட்டுக் குத்தறேனுங்க. வாட்டர் கலர் அடிச்சா கோடெல்லாம் கலங்குது. ஸ்கெட்ச் பேனாவுல அடிச்சா கோட்டைத் தாண்டிப் பரவுது. 60 கவர் ஆர்டர். 20 குத்தியாச்சு, அதுல 8 கெட்டுப்போச்சுங்க. என்ன பண்றது?

பதில்: கோடு கலங்குவதற்குக் காரணம் மை. வண்ணம் பரவுவதற்குக் காரணம் காகிதம். இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் மை. ஆபீஸ் பேடில் இருப்பது தண்ணீரில் கரையும் சாயம். பேடு காயாமல் ஈரமாகவே இருக்க வேண்டும் என்று செய்யப்பட்டது; அதன்மேல் ஈரத் தூரிகை பட்டால் கரையத்தான் செய்யும். வண்ணம் எதில் கரைந்திருக்கிறதோ, அதில் கோட்டு மை கரையக் கூடாது. வாட்டர் கலர் அடிப்பதானால் பிக்மென்ட் மை, அதாவது தண்ணீரில் கரையாத நிறத்துகள் கலந்த மை, உள்ள பேடு வாங்குங்கள். மூடியில் 'வாட்டர்புரூஃப்' என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குத்திய பிறகு ஒரு நாள் காயவிட்டு, மேலே வெள்ளைத் தாள் வைத்து இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் ஒற்றி எடுங்கள். திருப்பூரில் பனியனில் பிரின்ட் போட்டதும் கியூரிங் மிஷினில் சூடு காட்டுகிறார்களே, அதே வேலைதான். தண்ணீருக்குப் பதில் ஆல்கஹாலில் நிறத்தைக் கரைத்துச் செய்யும் ஆல்கஹால் மார்க்கர் பேனா உங்களுக்கு வேண்டாம். இந்தக் காகிதத்தில் அது பின்பக்கம் வரை இறங்கி, கவருக்குள் வைக்கும் ரூபாய் நோட்டுக்கும் நிறம் காட்டிவிடும்.

அடுத்தது காகிதம். பனியன் கட்டிங் துணியைக் கூழாக்கி வார்த்த காகிதம் என்றால் முழுக்கப் பருத்தி. பருத்தி தண்ணீர் குடிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: முத்தாக நின்றால் நல்லது, உடனே உள்ளே போய்விட்டால் அந்தக் காகிதத்துக்குக் கஞ்சி போதவில்லை. கைத்தறிக்குப் பேர்போன சென்னிமலைக்காரருக்குக் கஞ்சியைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டுமா! தறியில் பாவுக்குக் கஞ்சி போடுவது நூல் அறாமலும் பிசிறடிக்காமலும் இருக்க. காகிதத்தில் அதே கஞ்சி இழைகளின் இடுக்கை அடைத்து, வண்ணத்தை மேலேயே நிறுத்துகிறது.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் மக்காச்சோள மாவு. முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடி போலத் தெளியும் வரை காய்ச்சுங்கள். ஆறியதும் மடிக்காத தாளில் அகலத் தூரிகையால் மெல்லியதாக ஒரே ஒரு பூச்சு. நிழலில் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே பாரம் வைத்து அழுத்தினால் தாள் நெளியாது. அதன் பிறகுதான் ஸ்டாம்ப், அதற்கும் பிறகுதான் மடிப்பு. கெட்டியாகப் பூசினால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும். ஜெலட்டின் இன்னும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது மாட்டு எலும்பு, தோலிலிருந்து வருவது. மொய்க் கவரில், அதுவும் காளைப் படத்துக்கு அடியில்... நான் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வேன்.

சொரசொரப்பான தாளில் கோடு விட்டுவிட்டு விழுந்தால், அடியில் நாலாக மடித்த துணியை வைத்து நேராக அழுத்துங்கள். ஸ்டாம்பை ஆட்டாதீர்கள்.

இனி காளை. கறுப்பு வண்ணத்தைத் தொடவே வேண்டாம். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் பழுப்பைக் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் வரும். முதலில் தண்ணீராக ஒரு சாம்பல் பூச்சு, காய்ந்த பின் அடுத்தது. எங்கே அழுத்துவது என்பதைக் காளையே சொல்லும்: காங்கேயம் காளைக்குத் திமில், முன்னந்தொடை, பின்னந்தொடை ஆகியவை கறுத்திருக்கும். விலாவை வெளிறிய சாம்பலாகவே விட்டுவிடுங்கள், உடம்பு உருண்டு தெரியும். கன்று ஸ்டாம்ப் செய்தால் செந்நிறம் அடியுங்கள். பிறக்கும்போது சிவப்பாக இருந்து, ஆறு மாத வாக்கில்தான் சாம்பலுக்கு மாறும். இதைக் கவனிக்காமல் சாம்பல் நிறக் கன்று வரைந்தால் உங்கள் ஊரில் மாடு வளர்ப்பவர்களே சிரிப்பார்கள்.

மஞ்சளைக் கரைத்துப் பூசலாமா என்று பலர் கேட்பதுண்டு. ஈரோட்டு மஞ்சளானாலும் வெயிலில் வெளுக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள காகிதம் என்றால் சிவக்கவும் கூடும். கவருக்குச் சரிவராது.

ஊதா மையில் குத்தி நல்லபடியாக இருக்கும் 12 கவருக்குக் கலர் பென்சில்தான் வழி. உலர்ந்த வண்ணம், எதையும் கரைக்காது. சொரசொரப்பான தாளில் நன்றாகவே பிடிக்கும். ஒரே அழுத்தாக அழுத்தாமல் மூன்று நான்கு தடவை மெல்ல ஓட்டுங்கள். வழவழப்பாக வரட்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துவிடாதீர்கள், வட்டமாக எண்ணெய்க் கறை நிற்கும். கெட்டுப்போன 8 கவரையும் எறிய வேண்டாம். பிரித்துத் திருப்பினால், கஞ்சி எவ்வளவு போதும் என்று பார்க்க அதைவிடப் பொருத்தமான தாள் கிடைக்காது.