டாப் ஸ்டேஷனில் ரயில் எங்கே?

மலைப்பயணத்தில் ஒரு வட்டாரத்தின் வரலாறு கண்முன் வந்த அனுபவம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது டாப் ஸ்டேஷன் என்கிற மலைக் காட்சிமுனையில் நடந்தது.

மூணாறிலிருந்து 32 கி.மீ. மாட்டுப்பட்டி அணை, குண்டளை ஏரி எல்லாம் தாண்டிப் போகவேண்டும். கேரளா வழியாகத்தான் ரோடு, ஆனால் இடம் நம்ம தேனி மாவட்டம். முதல் இரண்டு தடவை போனபோது ஒரே மூடுபனி. கேரட் கட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மூன்றாம் தடவை டீக்கடைக்காரர்தான் கேட்டார்: "ஸ்டேஷன்னு பேரு வச்சிருக்கே, ரயில் எங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறீங்களே சார்?"

வெட்கமாகப் போய்விட்டது. அதன்பிறகுதான் தேடிப் படித்தேன்.

1902-ல் மூணாறுக்கும் இந்த இடத்துக்கும் நடுவே ஒற்றைத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். வண்டியின் பாரம் தண்டவாளத்தில் இருக்கும். சாய்ந்துவிடாமல் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வரும். இழுத்தது மாடுகள்! 1908-ல் அதை மாற்றி இரண்டடி அகல ரயில்பாதை ஆக்கி, நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கீழே கோட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டி கட்டி, மலையடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூருக்கு, அதாவது போடிக்கு.

1924 வெள்ளம் மலை ரயிலை மொத்தமாக அடித்துக்கொண்டு போனது. கேரளத்தில் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள், மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுக் கணக்கில் அது 1099 என்பதால். மறுபடி பாதை போடவில்லை. கீழே போடிக்கு ரயில் வந்ததோ 1928-ல்! மேலே ரயில் ஓடியபோது கீழே இல்லை, கீழே வந்தபோது மேலே இல்லை. என்னை உலுக்கியது இதுதான். மூணாறில் அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனி ஆபீஸ். அதன் முன்னால் எத்தனை தடவை வண்டியை நிறுத்தியிருப்பேன், தெரியாமல்.

பிறகு ஒருநாள் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போடிப்பக்கம் குரங்கணியிலிருந்து ஏறினேன். செங்குத்தான ஏற்றம், முட்டி கழன்றுவிட்டது. தேயிலைப் பெட்டி அந்தரத்தில் இறங்கிய சரிவு இதுதானா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் ஒரு குடியிருப்பு, பேர் சென்ட்ரல் ஸ்டேஷன். வீட்டுக்குப் போன் போட்டு, "சென்ட்ரல் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன்" என்றேன்.

"மெட்ராஸுக்கு எப்பப் போனீங்க?" என்றாள் மனைவி.