சாப்பாட்டுல நிறைய ஒதுக்கற ஆளுக்கு மதியத்துக்கு வயிறு நிறையற மாதிரி சாலட் கிடைக்குமா?

கேட்டவரோட பிரச்சனை இதுதான். தக்காளி, வெள்ளரிக்கா, மல்லித்தழை, மயோனைஸ் எதுவும் உள்ள போகாது. ஆபீஸ்ல மதியம் சோறு தின்னா தூக்கம் சொக்குது. சரி சாலட் வாங்கலாம்னா பாதிய ஓரமா ஒதுக்கிட்டு மீதிய மென்னுட்டு மூணு மணிக்கெல்லாம் பிஸ்கட் தேடறாராம்.

கிடைக்கும்ங்க, தாராளமா கிடைக்கும். நான் பொறந்து வளந்ததெல்லாம் ரங்கூன், இப்பவும் இங்கதான் டவுன்ல ஒரு ஆபீஸ்ல கணக்கு பாக்கறேன், அதனால எனக்குத் தெரிஞ்ச வழிய சொல்றேன். முதல்ல என் யோக்கியதைய சொல்லிடறேன், நானும் உங்க கட்சிதான். தக்காளிக்குள்ள இருக்கற அந்த வழவழ விதைக்கூழ், மல்லித்தழை, காய்ஞ்ச எறா பொடி, மீன் சாஸ் வாசம், பச்சை வெங்காயக் காரம், இதுல எது இருந்தாலும் தட்ட தள்ளி வச்சுருவேன். எங்கம்மா விருந்தாளி முன்னாடியே "இவளுக்கு நாக்கு நாலு முழம்"னு சொல்லும். சொல்லட்டும். இருந்தும் வாரத்துல முக்காவாசி நாள் மதியம் நான் சாப்புடறது சாலட்தான், அஞ்சு மணி வரைக்கும் பசி எட்டிப் பாக்காது.

விஷயம் என்னன்னா, நீங்க வாங்கற சாலட் இலையில ஆரம்பிக்குது. லெட்யூஸ், வெள்ளரிக்கா ரெண்டுலயும் நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு தண்ணிதான், அத ஒரு பெரிய டப்பா நிறைய ரொப்பி மேல நாலு துண்டு எதையோ தூவி குடுத்தா எங்கருந்து வயிறு நிறையும், அதுலயும் பாதிய நீங்க ஒதுக்கிட்டா மிச்சம் என்ன இருக்கு. பர்மாக்காரங்க போடற தோ, அதாவது அவங்க ஊரு சாலட், அப்படியே தலைகீழ். முதல்ல வயித்துக்கு ஒண்ணு விழும், அது நூடுல்ஸா இருக்கலாம், சமூசாவா இருக்கலாம், கடலை மாவுல கிண்டி உறைய வச்ச ஷான் தொஹூவா இருக்கலாம், வறுத்த பருப்பு பயறா இருக்கலாம். அப்புறம் எண்ணெய், புளிப்பு, உப்பு. அப்புறம் வறுத்த கடலைப்பருப்பு மாவு. இலை, கோஸ் எல்லாம் கடைசில வந்து சேரும், இல்லன்னாலும் குடி முழுகிடாது. மெட்ராஸ்காரங்களுக்கு அத்தோங்கற பர்மா நூடுல்ஸ் தெரியும்ல, பீச் ஸ்டேஷன் பக்கம் விக்கறாங்களே, அதுக்கு பூர்வீகம் இதுதான், அறுபதுகள்ல இங்கருந்து போனவங்க கொண்டு போனது.

செலக்டிவா சாப்பிடறவங்களுக்கு இதுல இருக்கற பெரிய சௌகரியம், எல்லாம் கண்ணு முன்னாடி நடக்கும். எங்க ஆபீஸ் அனோரட்டா ரோட்டுக்கு பக்கத்து தெரு, காளி கோயில்லருந்து நடக்கற தூரம், அந்த முக்குல ஒரு அமா, அக்கான்னு அர்த்தம், தள்ளுவண்டி மாதிரி ஒரு மேசை போட்டுருக்கும். வரிசையா எனாமல் கிண்ணம், ஒண்ணுல பொடியா சீவின கோஸ், ஒண்ணுல வறுத்த வெங்காயம், ஒண்ணுல மாவு, புளித்தண்ணி ஒரு பாட்டில்ல, மஞ்சள் போட்டுக் காய்ச்சுன எண்ணெய் இன்னொண்ணுல. சமூசா தோ கேட்டா மூணு சமூசாவ பேசின்ல போட்டு கத்தரிக்கோலால நறுக் நறுக்குனு வெட்டும், அதே கத்தரிக்கோலால பச்சை மிளகாவையும். அவிச்ச கொண்டக்கடலை ஒரு கை, கோஸ் ஒரு கை, புதினா கொஞ்சம், புளித்தண்ணிய ஊத்தி, கையில பிளாஸ்டிக் பைய மாட்டிக்கிட்டு பிசையும். பிசையறதுன்னா நம்ம கட்டுசாதம் பிசையற மாதிரி அமுக்கிப் பிசையாது, விரல விரிச்சு அடியிலருந்து தூக்கித் தூக்கிப் போடும், அதனால சமூசா தோல் நைஞ்சு போகாம மொறுமொறுப்பு மிச்சம் இருக்கும். ஒரு விள்ளல் எடுத்து நம்மள டேஸ்ட் பாக்கச் சொல்லும், உப்பு பத்தலைன்னா அங்கயே போடும். எந்த ஏசி ரெஸ்டாரண்ட்ல இது நடக்கும் சொல்லுங்க.

வேணாங்கறத கூச்சப்படாம கேளுங்க. இங்க நன்னன்பின் மத்தே நேன்னா மல்லித்தழை போடாது, அச்சோமோன் மத்தே நேன்னா அஜினோமோட்டோ போடாது. தெத்தத்லுன்னு ஒத்தை வார்த்தை சொன்னா மீன் சாஸ், எறா பொடி ரெண்டும் ஒரேடியா காலி, உப்பும் எலுமிச்சையும் போட்டுக் குடுத்துருவாங்க. இதுக்கு யாரும் மூஞ்சிய சுளிக்க மாட்டாங்க, ஏன்னா ஜூலை பௌர்ணமிலருந்து அக்டோபர் பௌர்ணமி வரைக்கும் அவங்களுக்கு வாசோ மாசத்துல ஆரம்பிக்கற நோன்புக் காலம், பௌத்தர்கள்ல நிறைய பேரு அப்ப கவிச்சி தொடறதில்ல. நம்மாளுக ஆடி, புரட்டாசி விரதமும் கிட்டத்தட்ட அதே மாசத்துலதான் வரும், அதனால கடைக்காரங்களுக்கு ரெண்டு கூட்டமும் பழக்கம். நான் விரதம் இல்லாத நாள்லயும் தெத்தத்லுன்னுதான் கேப்பேன். ஒரு தடவை பக்கத்து சீட்டு அக்கா, அது மொல்மீன்காரங்க, "என்னம்மா வருசம் பூரா புரட்டாசியா உனக்கு"ன்னு கேட்டாங்க, ஆமாக்கான்னுட்டேன்.

சரி, நீங்க ரங்கூன்ல இல்ல, வீட்லயே செய்யணும்னா ரெண்டு சாமான் தயாரா இருந்தா போதும், மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.

முதலாவது வெங்காய எண்ணெய். சின்ன வெங்காயத்த சன்னமா ஒரே அளவா சீவுங்க, கனமும் மெலிசுமா இருந்தா பாதி கருகும் பாதி நமுத்துக் கெடக்கும். கடலை எண்ணெய் ஆறின எண்ணெயா இருக்கும்போதே வெங்காயத்தப் போட்டு, சிட்டிகை மஞ்சத்தூளோட சின்னத் தீயில விடுங்க. பொறுமை வேணும். ஓரம் லேசா பொன்னிறம் தட்டுனதும் எடுத்துரணும், வெளிய எடுத்த பிறகும் அந்த சூட்டுலயே இன்னும் செவக்கும், நல்லா செவந்தப்புறம் எடுத்தீங்கன்னா கசப்புதான். வெங்காயம் தனி டப்பா, எண்ணெய் தனி பாட்டில். பூண்டும் இதே மாதிரிதான். பச்சை வெங்காயம் ஆகாதவங்களுக்கு இந்த வறுத்த வெங்காயமே போதும், இல்ல பச்சையும் வேணும்னா சீவி தண்ணில கொஞ்ச நேரம் ஊற வச்சு பிழிஞ்சு எடுங்க, அந்த மூக்குல ஏர்ற காரம் தண்ணியோட போயிரும்.

ரெண்டாவது மாவு. கடலைப்பருப்ப எண்ணெய் இல்லாம வறுத்து நைசா அரைக்கணும், சோம்பேறித்தனமா இருந்தா பொட்டுக்கடலைய மிக்சியில ஒரு சுத்து சுத்துங்க, அது ஏற்கனவே வறுத்ததுதான். பச்சை கடலை மாவ மட்டும் அப்படியே போட்டுராதீங்க, வாயில ஒட்டும், பச்சை வாசம் அடிக்கும், வயிறும் பொருமும். இந்த மாவு என்ன வேலை செய்யுதுன்னா, காய் விடற தண்ணியையும் புளித்தண்ணியையும் குடிச்சுட்டு எல்லாத்து மேலயும் மெலிசா ஒட்டிக்கும். மயோனைஸ் பிடிக்காத ஆளுக்கு இதவிட நல்ல டிரஸ்ஸிங் எனக்குத் தெரியல, கிரீம் மாதிரி இருக்கும் ஆனா பால் முட்டை ஒண்ணும் கிடையாது. பருப்பு மாவுங்கறதால புரோட்டீனும் உண்டு, நூறு கிராமுக்கு சுமார் இருபது கிராம் வரும், நீங்க போடப்போறது ரெண்டு ஸ்பூன்தான், இருந்தாலும் வேர்க்கடலை, எள்ளு, கொண்டக்கடலை எல்லாம் சேர்றப்ப மூணு மணி பிஸ்கட்டுக்கு வேலை இருக்காது. எண்ணெய்க்கு பயப்படாதீங்க, காரட்டுல கீரையில இருக்கற கரோட்டின் உடம்புல ஒட்டணும்னாலே கொஞ்சம் கொழுப்பு வேணும், வெறும் எலுமிச்சை பிழிஞ்ச இலை பாதி வீண்.

கோஸ் பிடிக்கும் ஆனா அந்த நறநற பச்சைத்தனம் ஆகாதுன்னா சீவி உப்பு போட்டு பத்து நிமிசம் வச்சு பிழிஞ்சுடுங்க. தக்காளி ருசி பிடிக்கும் கூழு மட்டும் ஆகாதுன்னா, நாலா வெட்டி கூழ வழிச்சு போட்டுட்டு சதைய மட்டும் சீவிக்கலாம், என் வீட்ல அதுதான் நடக்குது. அது கூட வேணாமா, விட்டுத்தள்ளுங்க. தக்காளி தின்னாதான் சாலட்டுன்னு எங்கயும் எழுதி வைக்கல.

இப்ப லப்பே தோ பத்தி சொல்லாம போனா ரங்கூன்காரின்னு சொல்லிக்கறதுல அர்த்தமில்ல. லப்பேன்னா தேயிலைக் கொழுந்த ஆவி காட்டி, மாசக்கணக்கா அமுக்கி வச்சு புளிக்க வைக்கறது, ஷான் பக்கம் நம்சான் மலையில பலாங் ஜனங்க செய்யறது பேர் போனது. லேசான கசப்பு, புளிப்பு, அதுக்கு மேல ரெண்டு தடவை வறுத்த மொச்சை, பட்டாணிப்பருப்பு, வேர்க்கடலை, எள்ளு, பூண்டுச் சீவல். செலக்டிவ் ஆளுங்களுக்கு இத எப்படி குடுக்கறதுன்னா, கலக்காம குடுக்கறது. இங்க விருந்தாளிக்கு வைக்கறப்ப அறை அறையா தடுத்த டப்பாவுல இலை தனியா, பயறு தனியா, எள்ளு தனியா வைப்பாங்க, வேணுங்கறத வேணுங்கற அளவு எடுத்துக்கலாம். எதோட எது ஒட்டக்கூடாதுன்னு பாக்கற ஆளா நீங்க, இது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். மத்தியானம் மட்டும் சாப்புடுங்க, ராத்திரி வேணாம். தேயிலைய காய்ச்சி வடிகட்டாம அப்படியே முழுங்கறோம்ல, காபீன் மொத்தமும் உள்ள போகும், பரீட்சைக்கு முழிச்சிருக்க பிள்ளைங்க இதத்தான் தின்னும். ரொம்பப் பளிச்சுனு பச்சையா இருக்கற பாக்கெட்ட எடுக்காதீங்க, 2009-ல சில பிராண்டுல ஆரமின் ஓ-ங்கற துணிச்சாயம் கலந்திருந்தது தெரிஞ்சு கவர்மெண்டே எச்சரிக்கை விட்டாங்க. நல்ல லப்பே மங்கலா, கரும்பச்சையா, பாக்க சுமாராத்தான் இருக்கும்.

மல்லித்தழை பத்தி ஒண்ணு. சோப்பு வாசம் அடிக்குதுன்னு நாம சொன்னா வீட்ல கொழுப்புங்கறாங்க. அதுல இருக்கற ஆல்டிஹைடுங்கற வேதிப்பொருளோட வாசத்த மூக்குல உணர வைக்கற ஜீன் ஒண்ணு, ஓஆர்6ஏ2ன்னு பேரு, அது பக்கத்துல இருக்கற ஒரு சின்ன வித்தியாசத்துக்கும் இந்த சோப்பு வாசத்துக்கும் தொடர்பு இருக்குன்னு 2012-லயே ஆராய்ச்சி வந்தாச்சு. கசப்பு விஷயமும் அப்படித்தான், ஒருத்தருக்கு லேசா தெரியறது இன்னொருத்தருக்கு நாக்குல அறையும். அதனால உங்க நாக்க நாலு பேரு முன்னாடி நிரூபிக்கற வேலை வேணாம். ஆனா ஒதுக்கற லிஸ்ட் வருசா வருசம் நீண்டுக்கிட்டே போகுது, எடை குறையுது, வெளிய நாலு பேரோட சாப்பிடவே பயமா இருக்குன்னா அது வேற கதை, டாக்டர பாருங்க, அதுக்குன்னு தனியா பேரு வச்சு 2013-லருந்து மருத்துவ கையேட்டுலயே சேத்துருக்காங்க.

ஆபீஸுக்கு கொண்டு போறத பத்தி. எங்க ஊர்ல கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியாது, ஃபிரிட்ஜ நம்பி முந்தின நாளே காய நறுக்கி வைக்கறதெல்லாம் நடக்காத காரியம். நான் வறுத்த பயறு, வெங்காயம், மாவு மூணையும் காத்துப்புகாத டப்பால மேசை டிராயர்லயே வச்சுருக்கேன், புளித்தண்ணிக்கு பதிலா ஒரு எலுமிச்சம்பழம். காலைல அவிச்ச கொண்டக்கடலையோ நூடுல்ஸோ ஒரு டப்பா, சீவின கோஸ் ஒரு டப்பா. பன்னெண்டரைக்கு எல்லாத்தையும் கொட்டி எண்ணெய் விட்டு, உப்பு போட்டு, எலுமிச்சை பிழிஞ்சு, மாவு தூவி பிரட்டி, மொறுமொறு சாமானெல்லாம் கடைசியா. முன்னாடியே கலந்து கொண்டு போனீங்கன்னா மதியம் திறக்கறப்ப களிதான் இருக்கும். பூண்டு எண்ணெய் ஊத்துனா பக்கத்து சீட்டுக்காரங்களும் ஒரு வாய் கேப்பாங்க, அதுக்கும் சேத்து கொண்டு போங்க.

நீங்க எந்த ஊருன்னு சொல்லலையே. சென்னைன்னா அத்தோ கடையெல்லாம் பெரும்பாலும் சாயங்காலந்தான் சூடு பிடிக்கும், மதியத்துக்கு ஆகாது, ஆனா அங்க பேஜோ, அதான் அத்தோ மேல நொறுக்கிப் போடற மொறுமொறு பொரியல், தனியா பாக்கெட் போட்டு விப்பாங்க, அத வாங்கி வச்சுக்கிட்டீங்கன்னா பயறு வறுக்கற வேலை மிச்சம்.