வைட் தீவில் இரண்டு நாள்: அம்மா அப்பாவை எங்கே கூட்டிப்போகலாம்?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். ஆகஸ்டில் இலங்கையின் ஹட்டனிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். இரண்டு நாள் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் இருக்கும் வைட் தீவைச் சுற்றிக்காட்ட ஆசை. அப்பாவுக்கு முழங்கால் வலி, இருவரும் சைவம். காரில் போகலாமா? எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில்: கார் வேண்டாம். கோடை விடுமுறையில் காரோடு கப்பலேற எக்கச்சக்கமாகச் செலவாகும். வாட்டர்லூவிலிருந்து ரயிலில் போர்ட்ஸ்மத் ஹார்பர் போனால், நிலையத்தை ஒட்டியே, தீவிலுள்ள ரைட் என்ற ஊருக்குப் போகும் வேகப்படகு நிற்கும். இருபது நிமிடச் சொச்சத்தில் அக்கரை. ரைட் வரைக்கும் ரயில் டிக்கெட் எடுத்தால் படகுக் கட்டணமும் அதிலேயே அடங்கிவிடும். ஒருவழி மட்டும் எடுங்கள், காரணம் கடைசியில் சொல்கிறேன்.

படகு அணைவது 1814இல் திறந்த நீண்ட கடல்பாலத்தின் நுனியில். கரைக்கு அரைக் கிலோமீட்டருக்கு மேல். அப்பாவை நடக்கவிடாதீர்கள், அங்கேயே ரயில் உண்டு. லண்டன் சுரங்கப்பாதையில் ஓடி ஓய்ந்த பெட்டிகள்தான் இங்கே மறுபிறவி எடுத்திருக்கின்றன. ரைட் ஊர்ச் சுரங்கத்தின் கூரை தாழ்வு, சாதாரண ரயில் நுழையாது. அதனால் 1967 முதல் இந்த ஏற்பாடு.

முதல் நாள் முழுக்க ஆஸ்போர்ன் மாளிகைக்குத்தான். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். விக்டோரியா ராணியும் கணவர் ஆல்பர்ட்டும் 1845இல் வாங்கிய இடம், 1901இல் ராணி இறந்ததும் இங்கேதான். பலர் அந்தப் படுக்கையறையைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் தர்பார் அறையில் நிதானமாக நில்லுங்கள். லாகூர்க் கலைப்பள்ளியிலிருந்து வந்த பாய் ராம் சிங் 1890-91இல் வடிவமைத்தது. கூரை முழுக்க வெள்ளைச் சுதையில் நுணுக்க வேலை, கணப்படுப்புக்கு மேலே தோகை விரித்த மயில். அங்கே போகும் நடையில் இந்தியர்களின் சிறிய ஓவியங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் பக்‌ஷிராம் என்ற ஆக்ராக் குயவரைத் தேடிப் பாருங்கள். 1886இல் நடந்த காலனி, இந்தியக் கண்காட்சிக்காக லண்டன் வந்தவர், வயது 102 என்று குறித்திருக்கிறார்கள். மகாராஜாக்கள் அனுப்பிய தங்கம் வெள்ளியைவிட அந்த முகம்தான் எனக்கு மனதில் நிற்கிறது. சாப்பாட்டுக்குக் கையில் தயிர் சாதமோ இடியப்பமோ கட்டிக்கொண்டு போங்கள், வெளியே சைவம் என்றால் பெரும்பாலும் உருளைக்கிழங்கும் சாண்ட்விச்சும்தான். இரவு நியூபோர்ட்டில் தங்கலாம். தீவின் நடுவில் இருப்பதால் எல்லாப் பக்கமும் பஸ் கிடைக்கும்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் சிறையிருந்த காரிஸ்புரூக் கோட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மேடும் படியும் அதிகம், இந்த முறை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள் மேற்கே. முதலில் ஃபிரெஷ்வாட்டர் பே. அங்கே டிம்போலா என்ற வீடு இப்போது அருங்காட்சியகம். ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில் கேமராவைக் கையில் எடுத்து, கோழிக்கூட்டையே ஸ்டூடியோவாக்கி, உலகம் கொண்டாடும் படங்களை எடுத்த இடம். 1875இல் கணவரோடு இலங்கைக்குப் போனார், அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படம் பிடித்தார். 1879இல் இறந்தவரை ஹட்டன் பக்கத்துப் பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவும் அப்பாவும் அந்தப் பக்கமாக எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்பார்களோ! வீட்டுக்குள் நுழையும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு படத்தையும் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

அப்புறம் தீவின் மேற்கு முனையில் கடலுக்குள் நிற்கும் நீடில்ஸ் பாறைகள். ஆலம் பேயில் கடற்கரைக்கு இறங்கும் தொங்கு நாற்காலி, நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஏறி உட்கார வேண்டியது. முழங்கால் வலிக்கு அது சரிவராது. பதிலாக, கோடையில் ஓடும் நீடில்ஸ் பிரீசர் என்ற திறந்த மாடி பஸ்ஸில் ஏறுங்கள், பாறைகளுக்கு மேலே இருக்கும் பழைய பீரங்கி அரண் வரை கொண்டுபோய் விடும். சொந்தக் கார்களுக்கு அந்தப் பாதையில் அனுமதி இல்லை. ஆகஸ்ட் என்றாலும் மேலே காற்று அறையும், அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

அதே பஸ் தீவின் இன்னொரு துறைமுகமான யார்மத்துக்கும் போகும். அங்கிருந்து அக்கரை லிமிங்டனுக்குக் கப்பலில் 40 நிமிடம், இறங்குமிடத்திலேயே ரயில் நிலையம். பிராக்கன்ஹர்ஸ்டில் மாறினால் வாட்டர்லூ. மறுபடி ரைட் வரை பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. ஒருவழி டிக்கெட் எடுக்கச் சொன்னது இதற்குத்தான்.